கழுவாத போத்தல்கள்

2025 மே 3, சனி

மழை. மரத்தில் பால் வெட்டு இல்லை. ரப்பர் ஃபாக்டரியில் அரை நாள்தான் வேலை. வீட்டுக்கு வந்தால் அனோஜா அடுப்படியில் ஒரு பிளாஸ்டிக் போத்தலை முறைத்துக்கொண்டு நிற்கிறாள். கிருமி சாக வேண்டுமென்று கொதிக்கிற தண்ணீரை ஊற்றியிருக்கிறாள். போத்தல் சுருங்கிக் கூன் விழுந்துவிட்டது.

"சுடுதண்ணி சரிவராதுங்க" என்றாள், ஏதோ நான் சிபாரிசு செய்த மாதிரி. குறிப்பெழுதும் கொப்பியில் "சுடுதண்ணி" என்று எழுதிக் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள்.

போன வருஷத் திருவிழாவை அவள் இன்னும் மறக்கவில்லை. தோட்டத்து அந்தோனியார் கோவிலுக்கு அவள் செய்து கொடுத்த இஞ்சி பீரில் இரண்டு கண்ணாடிப் போத்தல் வெடித்தது. மிச்சமெல்லாம் கொழகொழவென்று சளி மாதிரி இறங்கியது. யாரும் ஏசவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. இந்த முறை கோவில் கமிட்டி இராயப்பன் அண்ணன் கெடு வைத்துவிட்டார்: "ஜூன் எட்டாந் தேதிக்குள்ள நல்ல போத்தல் ஒண்ணு காட்டு தங்கச்சி. இல்லாட்டி பெல்மதுளை டவுன்ல சோடா எடுத்துருவோம்."

மே 6, செவ்வாய்

இன்று குளோரின். போத்தல் சுத்தமாகிறது, ஆனால் இஞ்சியையும் மீறி ஆஸ்பத்திரி வாசம் அடிக்கிறது. கழுவினால் போகும். எதில் கழுவுவது? இந்த மழைக்கு மலையிலிருந்து குழாயில் விழுகிற பீலித் தண்ணீர் பிளேன்டீ நிறத்தில் வருகிறது. கொதிக்கவைத்து ஆறவைத்துத்தான் கழுவ வேண்டும். நூறு போத்தல்!

"வெறகு நீங்க வெட்டுறீங்களா?" என்றாள்.

நான் பேப்பர் படிக்கப் போய்விட்டேன்.

மே 9, வெள்ளி

கொழும்பிலிருந்து அவள் தங்கச்சி சரோன் ஒரு மருந்து அனுப்பியிருக்கிறாள். போத்தலுக்குள் ஊற்றிக் குலுக்கி, இரண்டு நிமிஷம் ஈரமாய் வைத்துக் கவிழ்த்தால் போதுமாம். அதன்பிறகு கழுவவே வேண்டாமாம். ஒருவகை அமிலம். நிறைய நுரைக்கிறது.

லேபலை மூன்று தரம் வாசித்தாள். புரியாத இடத்துக்கு சரோனுக்கு போன் போட்டாள். ஊசியில்லாத சிரிஞ்சியில் லீட்டருக்கு ஒன்றரை மில்லி, ஒரு சொட்டு அதிகமும் இல்லை, குறைவும் இல்லை. பகலெல்லாம் பிள்ளைக் காம்பராவில் இருபது பிள்ளைகளை மேய்த்துவிட்டு வந்து இதைச் செய்கிறாள். இவளுக்கு யாராவது ஒரு லெபோரட்டரி கொடுத்திருக்க வேண்டும். நேரில் சொன்னால் "என்ன வேணும் ஒங்களுக்கு?" என்று கேட்பாள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

மே 10, சனி

பரீட்சைக்குப் பன்னிரண்டு போத்தல். ஆறுக்குக் குளோரின் போட்டு, கொதித்து ஆறின தண்ணீரில் கழுவிவிட்டாள். ஆறுக்குப் புது மருந்து. அந்த நேரம் பார்த்துப் பிள்ளைக் காம்பராவிலிருந்து ஆள் வந்தது, ஓடினாள்.

நுரையோடு ஆறு போத்தல் கவிழ்ந்து நிற்கின்றன. நானும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பதினெட்டு வருஷமாக ஃபாக்டரியில் ரப்பர் பாலுக்கு அமிலம் ஊற்றி உறையவைக்கிறவன் நான். ஷீட்டிலிருந்து அமிலம் போகக் கழுவாவிட்டால் காயாது, ஒட்டும், துரை வந்து கத்துவார். அமிலத்தைக் கண்டால் என் கை தானாகத் தண்ணீரைத் தேடும். கோவிலுக்கு வருகிற சனம் இந்த நுரையையா குடிக்க வேண்டும்?

ஆறையும் பீலியில் அலசிக் கவிழ்த்துவிட்டேன்.

திரும்பி வந்து, "நொர அடங்கிருச்சே?" என்றாள்.

"அடங்கிருச்சு" என்றேன்.

மே 12, திங்கள்

வெசாக் போயா லீவு. சனிக்கிழமை இஞ்சி பீர் நிரப்பி மூடின போத்தலை அமுக்கிப் பார்த்தாள். காஸ் பிடித்துக் கல்லு மாதிரி இருக்கிறதாம். நல்ல அறிகுறி.

மே 18, ஞாயிறு

திறந்தாள். குளோரின் போத்தல்களில் லேசாய் வாசம் இருந்தாலும் குடிக்கலாம். மருந்துப் போத்தல் ஆறும் கொழகொழ. போன வருஷம் போலவே.

அவள் அழவில்லை. ஆறையும் ஒவ்வொன்றாய்ச் சாக்கடைக் கானில் ஊற்றினாள். கொப்பியில் "மருந்து சரியில்லை" என்று எழுதினாள். கோடு இழுக்கக் கை வரவில்லை, பேனையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

நான் கழுவியதைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? அடேய் அமல்ராஜ், ஏன்டா சொல்லல நீ?

மே 21, புதன்

ஞாயிறு பூசை முடிந்ததும் இராயப்பன் அண்ணனிடம் சோடாவே எடுக்கச் சொல்லப் போகிறாளாம். "எனக்கு இது வராதுங்க" என்றாள். அவளுக்கா வராது!

மே 25, ஞாயிறு

பூசையில், மனசில் பொய்யோடு நன்மை வாங்க எழும்பவில்லை. வாங்கில் உட்கார்ந்தே இருந்தேன். அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள்.

வெளியே வந்ததும் நேரே இராயப்பன் அண்ணனிடம் போனாள். அவள் "அண்ணே, இந்த வருசம்" என்று தொடங்கும்போதே நான் குறுக்கே விழுந்தேன். "நான்தான் கழுவுனேன். அந்த ஆறு போத்தலையும் நான்தான் பீலியில கழுவுனேன். மருந்து மேல பெழ இல்ல."

இராயப்பன் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். அவரும் ஃபாக்டரியில் ரப்பர் ஷீட் ரோலரில் நின்றவர். "ஆசிட்ட கழுவாம விடுறதா? எனக்கும் கை சும்மா இருக்காதே!"

அவள் சிரிக்கவில்லை. வீடு வரைக்கும் முன்னால் நடந்தாள். வாசலில் நின்று கேட்டாள்.

"ஆறு போத்தலுமா?"

"ஆறும்."

"பீலித் தண்ணிதானே? வேற ஒண்ணும் போடலயே?"

"இல்ல."

"அப்ப கிருமி பீலித் தண்ணியிலதான்" என்று கொப்பியை எடுத்து "சரியில்லை" என்பதை வெட்டினாள். அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை இப்போதும் பார்க்கிறேன். புருஷன் பொய் சொன்னதற்குக் கோபப்படுவதற்கு முன்னால் மருந்து மேல் பிழையில்லை என்பதற்குச் சந்தோஷப்பட்டாள்! கோபம் பிறகு வந்தது. அதை எழுதப்போவதில்லை.

மே 27, செவ்வாய்

மூன்றாம் நாளும் சீனியில்லாத பிளேன்டீ. கேட்கப் பயம்.

மே 29, வியாழன்

மறுபடி பன்னிரண்டு போத்தல். இந்த முறை பன்னிரண்டுக்கும் மருந்து. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றேன்.

"இங்க வாங்க. இதுல மூணு மட்டும் கழுவுங்க. அன்னைக்கு மாதிரியே, பீலியில."

"என்னத்துக்கு? இன்னொரு தரம் பழுதாகவா?"

"ஒங்க வாய நம்பி நூறு போத்தல் போட மாட்டேன். எனக்குக் கண்ணால பாக்கணும்."

கழுவினேன். மூன்றின் மூடியிலும் சிவப்பு நூல் கட்டினாள். பதினேழு வருஷம் இவளோடு குடித்தனம் பண்ணுகிறேன், இப்படி ஒரு மூளை இந்த வீட்டுக்குள் இருப்பது எனக்கே இப்போதுதான் தெரிகிறது. வெட்கமாயிருக்கிறது. பெருமையாயும் இருக்கிறது.

ஜூன் 7, சனி

சிவப்பு நூல் மூன்றும் கொழகொழ. மற்ற ஒன்பதும் புஸ்ஸென்று திறந்து, தெளிவாய், தொண்டையில் இறங்கும்போது சுள்ளென்று. இரண்டு கிளாஸ் குடித்தேன். பிளேன்டீக்குச் சீனி வந்துவிட்டது.

ஜூன் 8, ஞாயிறு

இராயப்பன் அண்ணன் ஒரு வாய் குடித்தார். பிறகு போத்தலை முடித்தார். "சரி, சோடா வேணாம்."

ஜூன் 10, செவ்வாய்

பொசன் போயா லீவு. நூறு போத்தல். மருந்து அளப்பது அவள், குலுக்கிக் கவிழ்ப்பது நான். நுரையோடு அப்படியே விட்டேன். கை அரித்தது.

ஜூன் 15, ஞாயிறு

திருவிழா. தேர் சுற்றி முடித்து வந்த சனம் மழையில் நனைந்து நின்றே குடித்தது. ஒரு போத்தல்கூட வெடிக்கவில்லை, ஒன்றும் பழுதில்லை. போன வருஷம் துப்பின பிள்ளைகள் இரண்டாந்தரம் கிளாஸை நீட்டின.

ஃபாதர் கேட்டார், "அனோஜா, நூறு போத்தலையும் தனியாவா செஞ்சீங்க?"

அவள் என் தோளைப் பிடித்து முன்னால் இழுத்தாள்.

"இல்ல ஃபாதர். போத்தல் வேல முழுக்க இவருதான். ஒண்ணக்கூடக் கழுவல."