நெடுவால் சேவலிடமிருந்து நடைபாதையை மீட்டுத் தரக் கோரும் மனு

அனுப்புநர்
திருமதி குவென்டா பிராசர்,
கீழ்ப்பண்ணை வீடு, லான்வெத்தின் கிராமம்.

பெறுநர்
பொதுப் பாதைகள் அலுவலர் அவர்கள்,
மாவட்ட மன்ற அலுவலகம்.

பொருள்: லான்வெத்தின் தேவாலயத் தெருவிலிருந்து கீழ்ப்பண்ணைக்கு வரும் பொது நடைபாதை – வேட்டைக் குழுவினர் விட்ட சீனத்து நெடுவால் சேவல் மறித்துத் தாக்குவது – நடவடிக்கை கோருதல் தொடர்பாக.

பார்வை: "மரப்படி நல்ல நிலையில் உள்ளது, பாதையில் தடை ஏதும் இல்லை" என்ற தங்கள் அலுவலகப் பதில்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வேலியைத் தாண்டிக் கடப்பதற்கான அந்த மரப்படி நல்ல நிலையில்தான் உள்ளது. நான் மரப்படியைப் பற்றிப் புகார் சொல்லவே இல்லை. அதன்மேல் நிற்கும் சேவலைப் பற்றிச் சொன்னேன். என் முதல் கடிதத்தை யாரும் முழுதாகப் படிக்கவில்லை என்று தெரிந்தபோது எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதினால் மரியாதையாக இராது. ஆகவே மறுபடியும் முதலிலிருந்து சொல்கிறேன்.

2. நான் வேட்டைக்கு எதிரி அல்ல என்பதைத் தாங்கள் முதலில் அறிய வேண்டும். எங்கள் ஊர் வேட்டை மிகச் சிறியது. துப்பாக்கிக்காரர்கள் எட்டுப் பேர் வயலில் வரிசையாக நிற்பார்கள். மற்றவர்கள் காட்டுக்குள் கம்பால் தட்டிக்கொண்டே போய் ஃபெசன்ட் என்னும் காட்டுக்கோழிகளை அவர்கள் தலைக்குமேல் கிளப்பிவிடுவார்கள். விழுந்த பறவைகளை எடுத்து வருவது நானும் என் நாய் டில்லியும். பல வருடங்களாக நனைந்த காலுறையோடு இதைச் செய்துவருகிறேன். கோழியைக் கண்டு பயப்படுகிற பட்டணத்துப் பெண்மணி என்று யாராவது என்னைப் பற்றித் தங்களிடம் சொல்லியிருந்தால் அது பொய்.

3. சென்ற ஆண்டு திரு. டெஸ்மண்ட் ஃபில்பாட் அவர்கள் வேட்டைக் குழுவின் தலைவரானார். எல்லாரும் சுடுகிற சாதாரண ஃபெசன்ட் அவருக்குப் போதவில்லை. "சின்ன வேட்டைன்னா சப்புன்னு இருக்கணுமா என்ன? வர்றவங்க வாயப் பொளக்கற மாதிரி ஏதாச்சும் வேணும்," என்று ஊர்க் கூட்டத்தில் சொன்னார். பிறகு ஒரு வண்டி நிறைய நெடுவால் கோழிகளை வாங்கி வந்து காட்டில் விட்டார். சேவலின் வால் என் உயரத்துக்கு இருக்கிறது. பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. குணம் படு மோசம்.

4. இதோடு போயிருந்தால் முதல் வேட்டையிலேயே அவற்றில் பாதி சுடப்பட்டுக் குறைந்திருக்கும். ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு பழைய வழக்கம் உண்டு. காட்டில் வெள்ளை ஃபெசன்ட் இருந்தால் அதைச் சுடக் கூடாது; சுட்டவர் அபராதமாக அன்று மாலை மதுக்கடையில் அத்தனை பேருக்கும் வாங்கித் தர வேண்டும். திரு. ஃபில்பாட் இந்த விதியைத் தன் சீனத்துச் சேவல்களுக்கும் நீட்டிவிட்டார். சுடுவதற்கென்று வாங்கிய பறவைக்குச் சுடக் கூடாது என்று சட்டம்! எங்கள் ஊர்த் துப்பாக்கிக்காரர்கள் தோட்டாவுக்கே கணக்குப் பார்ப்பவர்கள். ஊருக்கெல்லாம் பீர் ஊற்றுவார்களா? நெடுவால் தலைக்குமேல் வந்தால் எட்டுத் துப்பாக்கியும் கீழே இறங்கிவிடும். ஆக அவற்றில் ஒன்றுகூடச் சாகவில்லை. மனிதரைக் கண்டால் ஒதுங்க வேண்டும் என்பதையும் மறந்துவிட்டன. மற்ற ஃபெசன்ட்களை அடித்து விரட்டிவிட்டு, நெடுவால்களில் முரடான சேவல் ஒன்று மேற்படி மரப்படியைத் தன் சொத்தாக்கிக்கொண்டது.

5. இனி என் அக்கா நெஸ்டாவைப் பற்றி. அவருக்கு எழுபத்தாறு வயது. கண் ஏறக்குறைய போய்விட்டது. தேவாலயத் தெருவில் தனியாக இருக்கிறார். தினமும் மாலையில் சாப்பாட்டுக்கு என் வீட்டுக்கு வருவார். வேலியைக் கையால் தடவிக்கொண்டே, யார் துணையும் இல்லாமல் இந்தப் பாதையில்தான் வருவார். சாலை வழியாக வர முடியாது. அங்கே ஓரத்தில் நடக்க இடமில்லை, டிராக்டர்கள் பாய்ந்து வரும். நான் போய் அழைத்து வருகிறேன் என்றால் கோபித்துக்கொள்வார். அவருக்கு மிச்சமிருக்கும் வீம்பு அது ஒன்றுதான்.

6. சென்ற மாதம் அவர் மரப்படியில் ஏறியபோது அந்தச் சேவல் முகத்தை நோக்கிப் பாய்ந்தது. கால் முள்ளால் கன்னத்தைக் கிழித்தது. கீழே விழுந்தவரை விடாமல் முதுகில் ஏறி மிதித்திருக்கிறது. தன்னைத் தாக்குவது என்னவென்றே அவருக்குத் தெரியவில்லை, ஐயா. நான் போய்த் தூக்கியபோது அவர் சொன்னது: "கோழி அடிச்சுப் போட்டுடுச்சுன்னா ஊரே சிரிக்கும்டி. வெளிய சொல்லித் தொலைக்காத." அன்று முதல் அவர் வாசலைத் தாண்டவில்லை.

7. நான் திரு. ஃபில்பாட்டிடம் போனேன். அவர் வாசலில் நின்றபடியே சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: "அது காட்டுப் பறவைங்க குவென்டா. தொறந்து விட்டாச்சுன்னா எங்களோடது இல்ல. மழை பெஞ்சு நனைஞ்சாலும் எங்கிட்டதான் வருவீங்களா?"

8. சரி, யாருடையதும் இல்லை என்று நானும் எடுத்துக்கொண்டேன். மறுநாள் டில்லியை அனுப்பினேன். ஓர் இறகுகூட உதிராமல் சேவலைக் கவ்விக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தது. கோழிக் கூட்டில் அடைத்துத் தீனியும் வைத்தேன். மாலைக்குள் அதே திரு. ஃபில்பாட் என் வீட்டு வாசலில்! "யாரக் கேட்டு எங்க சேவல அடைச்சீங்க? இது திருட்டு, தெரியுமா? இனிமே வேட்டைக்கு நீங்களும் வேணாம், உங்க நாயும் வேணாம்." அடித்தால் காட்டுடையது, பிடித்தால் அவருடையது. இது எந்த ஊர் நியாயம் என்று தாங்கள்தான் சொல்ல வேண்டும். இனிமேல் பூட்டி வைப்பார் என்று நம்பிக் கொடுத்தேன். அவர் நேராகப் போய் அதே காட்டோரத்தில் விட்டார். பொழுது விடியும்போது அது மரப்படிமேல் நின்றது.

9. நெஸ்டாவின் மகன் ஹியூ தொலைபேசியில் பேசினான். "சித்தி, அம்மா எங்கயும் போறதில்ல, உங்க வீட்டுக்குக்கூட வர்றதில்ல. அப்புறம் எதுக்குத் தனியா இருக்கணும்? முதியோர் இல்லத்துல எடம் கேட்டுட்டேன், கிறிஸ்துமசுக்குள்ள கெடைச்சிடும்." அவன் கெட்டவன் அல்ல. பாதை திறந்திருந்தால் அவனுக்கு இந்த யோசனையே வந்திராது. என் அக்கா வீட்டை விட்டுப் போவதா, அந்தச் சேவல் மரப்படியை விட்டுப் போவதா என்பதுதான் இப்போது தங்கள் முன் உள்ள கேள்வி.

10. ஆகவே, அப்பறவைகளைப் பிடித்து அப்புறப்படுத்தி, பாதையைப் பழையபடி பொதுமக்களுக்கு விடுமாறு வேட்டைக் குழுவுக்கு உடனே ஆணையிட வேண்டுகிறேன்.

11. வருகிற சனிக்கிழமை எங்கள் ஊரில் வேட்டை. கோழிகளை மூன்றாவது முறை விரட்டிக் கிளப்பும்போது துப்பாக்கிக்காரர்கள் இப்பாதையின் இருபுறமும் நிற்பார்கள். பாதையில் ஆள் வந்தால் அந்த ஆள் கடந்து போகும்வரை சுடக் கூடாது என்பது தாங்கள் அறியாததல்ல. அன்று நானும் நெஸ்டாவும் டில்லியும் அவ்வழியே நடப்போம். நெஸ்டா மெதுவாகத்தான் நடப்பார். சேவல் பாய்ந்தால் டில்லி பார்த்துக்கொள்ளும். மரப்படியில் உட்கார்ந்து, கொண்டுபோன தேநீரைக் குடிப்போம். அதற்குள் கோழியெல்லாம் பறந்து போய்விட்டால் அதற்கு நாங்கள் பொறுப்பல்ல. அவை காட்டுப் பறவைகள். தாங்கள் நடவடிக்கை எடுக்கும்வரை ஒவ்வொரு வேட்டைக்கும் இப்படியே நடப்போம். வரச் சம்மதமா என்று அக்காவிடம் கேட்டேன். விழுந்த நாளுக்குப் பிறகு முதன்முறையாகத் தன் காலணியைத் தேடினார்.

தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்,

குவென்டா பிராசர்
நெஸ்டா

(இரண்டாவது கையொப்பம் தாளின் ஓரத்தைத் தாண்டிப் போயிருப்பது பார்வைக் குறைவால், சம்மதக் குறைவால் அல்ல.)

இடம்: லான்வெத்தின்
நாள்: நவம்பர் 14