வாசற்படி வசனம்

ஆடி 9, சனி.

இன்று ஃப்ளாக் ஊர்க் கொட்டகையில் தமிழ்ப் பேசும்படம் பார்த்தோம். பாட்டு அதிகம், கதாநாயகனுக்குத் தொந்தி வேறு. ஆனாலும் ஒரு காட்சிக்காகவே இன்னொரு முறை பார்க்கலாம். கணவன் அறைகிறான். அவள் அழவில்லை. “இனி உங்கள் வாசற்படி மிதிக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறாள். கொட்டகையே கை தட்டியது.

என் மனைவி செல்லத்துக்கு இந்தத் தீவின் கிரியோல் மொழிதான் தெரியும். எப்போதும் நான்தான் அர்த்தம் சொல்வேன்.

“கி லி தீர்?” என்று கையைப் பிடித்துக் கேட்டாள்; ‘என்ன சொல்றா?’ என்று அர்த்தம்.

“மன்னிப்புக் கேக்குறா” என்றேன். வாயில் அதுதான் வந்தது.

வண்டியில் எங்கள் ஊர் கான் தெ மாஸ்க் வந்து சேர்ந்தோம். இறங்கும்போது கிரியோலில் கேட்டாள்: “அடிச்சது அவன். அவ எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்?”

செவ்வாயன்று நான் அறைந்தபோதும் மன்னிப்புக் கேட்டது செல்லம்தான்.