கதவுக்குப் பின்னால் தொங்கின துண்டு

டாக்டர் ஐயாவுக்கு,

சாப்பாடு மேசைமேல மூடி வச்சிருக்கேன். நம்ம நாயைத் தூக்கிட்டு வேற கிளினிக்குக்குப் போறேன். நீங்க தையல் போட்ட இடம் சீழ் பிடிச்சு நாறுது. "நக்கியிருக்கும்"னு அது தலையில பழியைப் போட்டீங்க. நக்காம இருக்கக் கழுத்துல மாட்டின கூம்பைக் கழட்டவே இல்ல. நாக்கு என்ன, அதைச் சுத்திக்கிட்டா போகும்?

எந்தப் புண்ணைத் தொட்டாலும் கதவுக்குப் பின்னால தொங்குற அதே துண்டுலதான் கையைத் துடைக்கிறீங்க. உங்க கிளினிக்குல பக்கத்துக் கூண்டுல இருந்த பூனைக்கும் இதே சீழ்தான். சொன்னா மூக்குக்கு மேல கோபம் வருது.

துண்டைக் கொளுத்திட்டேன். தேட வேண்டாம்.

பி.கு. அந்தப் பூனை கீறின உங்க விரல் சிவந்து வீங்கியிருக்கு. தூக்கத்துல முனகுறீங்க. இன்னைக்கே போய்க் காட்டுங்க. கையை ஒழுங்கா கழுவுற டாக்டரா பார்த்துப் போங்க.