வெயில், தூசி, லாரி

அன்புள்ள அப்பா,

அன்புள்ள என்ற சொல்லை யோசித்துத்தான் எழுதினேன். அது பொய்யில்லை. ஆனால் கடிதம் முழுக்க அந்தச் சொல்லைப் போலவே இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். உங்கள் சைக்கிள் நண்பர்கள் இணையத்தில் உங்களைப் பற்றி எழுதியதை எல்லோரும் படிக்கிறார்கள். நான் எழுதுவதையும் படிக்கட்டும்.

பெங்களூர் காக்ஸ் டவுன் வீடு அப்படியேதான் இருக்கிறது. உங்கள் சைக்கிள் ஹாலில் நிற்கிறது. அம்மா வாக்கரைத் தள்ளிக்கொண்டு பாத்ரூமுக்குப் போகும்போது அதன் ஹேண்டில்பாரில் இடித்துக்கொள்கிறாள். நீங்கள் இருந்தபோதும் இடித்துக்கொண்டுதான் இருந்தாள்.

நீங்கள் ரிட்டயர் ஆன கொஞ்ச நாளில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்தன. அடுத்த வருஷம் நீங்கள் சைக்கிள் வாங்கினீர்கள். முதலில் நந்தி மலை. பிறகு சக்லேஷ்பூர். அப்புறம் ஆகும்பே மலையிறங்கி கடற்கரை ரோடு. மழைக்காலம் தவிர மாதாமாதம் கிளம்பிவிடுவீர்கள். நீங்கள் வரும்வரை நான் ஆபீஸில் லீவு போட்டுவிட்டு அம்மாவோடு இருப்பேன். அதைப் பற்றி நான் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. ஏன் தெரியுமா?

திரும்பி வந்ததும் அம்மா ஆசையாகக் கேட்பாள், எப்படி இருந்தது என்று. நீங்கள் ஷூவைக் கழற்றிக்கொண்டே ஒரே பதிலைச் சொல்வீர்கள்.

"என்னத்த இருக்கு. வெயில், தூசி, லாரி. முதுகு ஒடிஞ்சு போச்சு."

அம்மா உங்கள் காலை மடியில் வைத்து, வேலை செய்யும் அந்த இடது கையால் எண்ணெய் தேய்த்துவிடுவாள். இந்த வயதில் இப்படிக் கஷ்டப்படுகிறாரே என்று என்னிடம் புலம்புவாள். நானும் நம்பினேன். வீட்டிலிருக்கும் நோயைத் தாங்க முடியாத மனிதர், ரோட்டில் போய்த் தன் உடம்பை வருத்திக்கொள்கிறார் என்று நினைத்தேன். உங்களுக்காக மிளகு ரசம் வைத்தேன்.

ஒரு காலையில் காபி குடித்து முடித்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அன்றைக்கு உங்களுக்காக அழுத அழுகை நிஜமானது. அதைத் திருப்பிக் கேட்க மாட்டேன்.

ஏழாம் நாள் பூசை முடிந்து உங்கள் சைக்கிள் குழு வீட்டுக்கு வந்தது. குழுவை நடத்தும் வினோத் அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்து, ஆறுதலாக இருக்குமே என்று உங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனான். ஆகும்பே இறக்கத்தில் வளைவுக்கு வளைவு நிறுத்தி, கீழே பள்ளத்தாக்கில் மேகம் நகர்வதைப் பார்ப்பீர்களாம். குந்தாப்புரம் தாண்டி மரவந்தேயில் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் ஆறு, நடுவே ரோடு. அங்கே பாறைமேல் உட்கார்ந்துவிட்டால் கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டீர்களாம். சொர்க்கம் என்றால் இதுதான் என்று பையன்களிடம் ஒவ்வொரு தடவையும் சொல்வீர்களாம்.

அம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"எந்த ரோடு தம்பி?"

"மரவந்தே ரோடு ஆன்ட்டி. அங்கிள் சொல்லலியா?"

அம்மா மாலை போட்டிருந்த உங்கள் படத்தைப் பார்த்தாள். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

வேறு ஏதோ இருக்கும் என்று எனக்குச் சந்தேகம். அந்தப் பக்கம் யாராவது பெண், குடி, ஏதாவது. வெட்கத்தை விட்டு வினோத்தைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் பதறிப்போனான். அப்படி எதுவும் இல்லை என்று சத்தியம் செய்தான். இருந்திருந்தால்கூட எனக்குப் புரிந்திருக்கும் அப்பா. நீங்கள் மறைத்தது உங்கள் சந்தோஷத்தை மட்டும்தான். அழகாக இருந்தது என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்று அம்மா கேட்டுவிடுவாள், அந்தப் பயமா? வாசலில் கார் நின்றுகொண்டுதானே இருந்தது?

மழை முடிந்ததும் குழுவிலிருந்து அழைப்பு வந்தது. பெங்களூரிலிருந்து மரவந்தே வரை வருஷாவருஷம் ஒரு பயணம், அதற்கு உங்கள் பெயர். போய்ச் சேரும் இடத்தில் அம்மா கையால் மெடல் கொடுக்க வேண்டும். நான் முடியாது என்றேன். அம்மா, போகலாம் என்றாள்.

நான்தான் காரை ஓட்டினேன். தீர்த்தஹள்ளி தாண்டியதும் அம்மா கண்ணாடியை இறக்கச் சொன்னாள். ஆகும்பேயில் நீங்கள் நிறுத்திய வளைவுகளில் எல்லாம் நிறுத்த முடியவில்லை, நாங்கள் நிறுத்திய இடங்களே போதுமாக இருந்தன. ஈர மரங்களுக்குக் கீழே மேகம் மெல்ல நகர்ந்தது. அழகாக இருக்க இருக்க எனக்கு ஆத்திரம் ஏறியது. உங்களைத் திட்டினேன், மனதுக்குள் இல்லை, வாய்விட்டே. அம்மா தடுக்கவில்லை.

மரவந்தேயில் வாக்கரைப் பிடித்து அம்மாவை இறக்கிவிட்டேன். அவள் கடல் பார்த்ததெல்லாம் வேளாங்கண்ணியில்தான், அதுவும் திருவிழாக் கூட்டத்துக்கு நடுவே. இங்கே இடப்பக்கம் அலை பாறையில் மோதிக்கொண்டிருந்தது. வலப்பக்கம் தென்னைகளோடு ஆறு அசையாமல் கிடந்தது. அம்மா இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள். கால் நடுங்கியபோதும் உட்கார மறுத்துவிட்டாள்.

"இத்தன அழகாவா இருந்துச்சு" என்றாள். "வந்து ஒரு வார்த்த சொல்லல பாரு, அந்த மனுசன்."

உங்களை அவள் அந்த மனுசன் என்று சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன்.

கொஞ்ச தூரத்தில் உங்கள் படம் போட்ட பேனர் கட்டியிருந்தார்கள். ஹெல்மெட்டோடு சிரிக்கிறீர்கள். அப்படி ஒரு சிரிப்பை நான் வீட்டில் பார்த்ததில்லை. சைக்கிள்காரர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். வினோத் உங்களைப் புகழ்ந்து பேசிவிட்டு மைக்கை அம்மாவிடம் நீட்டினான். அம்மாவுக்கு இன்னும் வாய் ஒரு பக்கமாக இழுக்கிறது. நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

"உங்க பிரியத்துக்கு நன்றிப்பா. ஆனா அவர் பேர இதுக்கு வெக்காதீங்க. இந்த ரோட்ட எங்கிட்டருந்து ஒளிச்சு வெச்சவரு அவரு."

யாரோ ஒருவர் பக்கத்திலிருந்தவருக்கு அதைக் கன்னடத்தில் மெதுவாகச் சொன்னார். மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அம்மா மெடல்களைக் கொண்டுவரச் சொன்னாள். வந்திருந்த எல்லோருக்கும் இடது கையால் கொடுத்தாள், யாரையும் விடவில்லை.

வினோத் என்னை ஓரமாக அழைத்தான். அவன் முகம் சிவந்திருந்தது. செத்துப்போனவரை இத்தனை பேர் முன்னால் இப்படிப் பேசலாமா என்றான்.

"உசுரோட இருந்தவங்கள வீட்டுக்குள்ளயே வெச்சிருந்தாரே, அத யாராவது கேட்டீங்களா?" என்றேன்.

பேனரை அவனே அவிழ்த்து மடித்தான். அந்தப் பயணத்துக்கு இப்போது ஊர்ப் பெயர்தான். உங்கள் பெயர் இல்லை. வருத்தமாக இருக்கிறதா? எனக்கு இல்லை.

கிளம்பும்போது வினோத்தே கார் கதவைத் திறந்துவிட்டான். அங்கிள் எப்போதும் இந்த இடத்தோடு திரும்பிவிடுவார், இதற்கு மேல் போனதே இல்லை என்று சொன்னான். அம்மா சீட்டில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். நான் வண்டியைத் திருப்பப் போனேன்.

"இதுக்கு மேல ரோடு எங்க போகுது?"

பைந்தூர், முருடேஸ்வர், அப்புறம் கார்வார் என்றேன். கடலோரமாகவே போகும்.

"உனக்கு லீவு இருக்கா?"

"இருக்கும்மா."

"அப்ப நேரா விடு."

நேராக விட்டேன். நீங்கள் பார்க்காத கடலை அன்று சாயங்காலம் முழுக்க அம்மா பார்த்தாள்.

மன்னிப்பேன் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். கொடுக்கக்கூடிய வாக்கு ஒன்றுதான்: அம்மா கை காட்டும் ரோட்டிலெல்லாம் வண்டியை விடுவேன். கல்லறைத் திருநாளன்று பூவும் மெழுகுவர்த்தியும் எடுத்துக்கொண்டு அவளை உங்களிடம் கூட்டி வருவேன். உங்களிடம் பேச நிறைய வைத்திருக்கிறாள். முழுக்கக் கேளுங்கள்.

இன்னும் கோபம் தீராத உங்கள் ஒரே மகள்,
ஸ்டெல்லா