கொசுறுக் கொத்தமல்லி

அன்புள்ள அம்மாவுக்கு, கிறிஸ்டோபரின் ஸ்தோத்திரம். நான் சுகம். உன் முட்டிவலி தேவலையா? தைலம் தீரும் முன்பே வாங்கிக்கொள்.

இங்கே அமெரிக்காவில், சனிக்கிழமைகளில் உழவர் சந்தையில் ஒரு விவசாயியின் கடையில் விற்பனைக்கு நிற்கிறேன். வயதானவர்களுக்கும் ஏழைக் குடும்பங்களுக்கும் அரசாங்கம் கூப்பன் தருகிறது. அதைக் கொடுத்துப் பச்சைக் காய்கறி வாங்கலாம். போன வாரம் ஒரு வயதான அம்மா கூப்பனுக்குக் கீரை வாங்கினார். கைப்பழக்கத்தில், உன்னைப் போலவே கொஞ்சம் கொத்தமல்லியைக் கொசுறாகப் பையில் போட்டேன். அவர் பயந்துபோய்த் திருப்பி வைத்தார். கூடுதலாக எடுத்தால் கூப்பனை நிறுத்திவிடுவார்களோ என்று பயமாம்.

“எங்கள் ஊரில் அம்மாவும் கீரைதான் விற்கிறார். கொசுறு இல்லாமல் யாரையும் அனுப்பமாட்டார்” என்றேன். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டவர், “உன் அம்மா தனக்கு நல்ல கீரையாக எடுத்துக்கொள்வாரா?” என்று கேட்டார்.

அடுத்தவருக்குக் கீரை எடுக்கத் திரும்பிக்கொண்டேன். விற்காமல் வாடிய கட்டுதானே உன் குழம்புக்கு? கேட்டால், “வாடினா இன்னாபா, வெந்தா எல்லாம் ஒண்ணுதான்” என்பாய்.

கீரை கடையும் மத்து ஒன்று அனுப்பு. கரண்டியால் மசித்தால் உன் ருசி வரவில்லை.

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்; பஸ் வந்துவிட்டது. இந்தக் கடிதம் கிடைத்த மறுநாள், தாமல் கிராமத்திலிருந்து கீரை வந்து இறங்கியதும் முதல் கட்டை உனக்கு எடுத்து வை அம்மா. எனக்குக் கொடுத்த கொசுறாக நினைத்துச் சாப்பிடு.

உன் மகன்,
கிறிஸ்டோபர்