முழங்காலுக்குக் கீழே

என் தங்கச்சி பெற்ற ராசாத்திக்கு,

மாமன் ஆஸ்பத்திரியில் ராஜா மாதிரி இருக்கிறேன். பெரிய டொக்டரே என்னைக் கேட்டுத்தான் ஊசி போடுகிறார் என்றால் பார்த்துக்கொள்!

ரத்தத்தில் சீனி கூடிய வருத்தத்தில் வலது கால் கொஞ்சம் கருத்திருக்கிறது. "காலை எடுத்தா உசிர் தப்பும், விட்டா விஷம் மேல ஏறிடும்" என்றார் டொக்டர். "ஒத்தைக் காலோட ரப்பர் பால் வெட்ட முடியுமாங்க மாத்தயா?" என்று கேட்டேன். மனுஷன் ஒப்பரேஷன் பாரத்தை என் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனார்.

வேலைக்குப் போகாதவனுக்கு தோட்டத்து லயத்தில் குடியிருக்கக் காம்பரா இல்லை. அது வேண்டுமென்றால் வீட்டில் இன்னொருவர் தோட்ட வேலைக்குப் பேர் பதிய வேண்டும். உன் அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு, நீதானே மிச்சம். கங்காணி வார்டுக்கே வந்து, "ஒங்க மருமக பேரப் போட்ருவோமா?" என்றார். "அவ டீச்சரம்மாவாகப் போறாய்யா, நீ வேணும்னா போய் வெட்டு!" என்று விரட்டிவிட்டேன். வார்டே கைதட்டியது.

காம்பரா வேண்டியது உயிரோடு இருக்கிறவனுக்குத்தானே. கணக்கில் நான் எப்போதும் புலி. அதனால் ஒப்பரேஷனுக்குக் கையெழுத்துப் போடவில்லை.

பயப்படாதே, சிறுத்தையையே உதைத்த கால் இது, தானாகத் தேறும். நேற்றிலிருந்து வலிகூட இல்லை.

பரீட்சை முடியும்வரை ஹாஸ்டலை விட்டு இந்தப் பக்கம் வராதே. நீ வந்து அழுதால் நான் கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

உன் மாமன்