துண்டுக்குள் நிமிர்ந்த சுண்டுவிரல்

மாப்ள,

காலையில் மருமகள் பரணைச் சுத்தம் செய்தாள். "மாமா, இந்தப் பழந்துண்டத் தூரப் போட்டுறவா?" என்று உதறிக் காட்டியபோது ஃபைபர் ஒட்டுகிற ரெசின் பசையின் நெடி குப்பென்று அடித்தது. நாற்பது வருடமாகியும் போகாத நெடி. "வையி அத!" என்று நான் போட்ட சத்தத்தில் பாவம், பயந்துவிட்டாள்.

அவனியாபுரத்து ஷெட் உனக்கு மறந்திருக்காது. லாரிக்கு ஃபைபர் கூரை செய்துகொண்டிருந்த நாம், ஆஸ்திரேலியாக்காரன் ஒருவன் வரைந்து கொடுத்த படத்தை நம்பி, அலைமேல் ஏறி நிற்கிற சர்ஃப் பலகை செய்ய இறங்கினோம். கடலை ஒரு தடவைகூடப் பார்க்காத இரண்டு பேர்! முதல் பலகையைப் பெஞ்சில் கிடத்தி வெள்ளைத் துணி போர்த்தியபோது ஆள் படுத்திருப்பதுபோல இருந்தது. நான் இரண்டடி தள்ளி நின்றேன். நீ சிரித்தாய்.

நூறு பலகைக்கு மொத்த விலை கேட்டு அவன் கடிதம் போட்டான். நீ திருமங்கலத்து மாட்டுத் தரகர் வீட்டுப் பிள்ளை. விலையை வாயால் சொல்லமாட்டாய். துண்டைப் போட்டு, அதற்கடியில் என் விரல்களைப் பிடிப்பாய். ஒரு விரல் நூறு ரூபாய். அன்று பலகைக்கு ஐந்நூறு என்று ஐந்து விரலையும் பிடித்தாய். நான் சுண்டுவிரலை மடக்கினேன். நானூறு போதும், கூடக் கேட்டால் வேறு ஆளைப் பார்த்துவிடுவான் என்று பயம். ஷெட்டுக்காக உன் மனைவியின் வளையல்கள் அடகில் இருந்தன.

"ஒடையாமப் போய்ச் சேர்றதுக்குத்தான் காசு தருவான். லாரியில ஏத்துன மாடே பத்துக்கு ரெண்டு நொண்டும். இது கப்பலு மாப்ள. அந்த ரெண்டுக்கும் சேத்துத்தான் வெல வைக்கணும்" என்று மடங்கிய விரலை நிமிர்த்தினாய். வந்த கோபத்தில் கையை உருவிக்கொண்டேன்.

பேரம் முடியாமல் கையை உருவுவது உங்கள் சந்தையில் எம்புட்டுப் பெரிய அவமானம் என்று தெரிந்தே செய்தேன். "கைய உருவிட்டேல்ல? சரி, போறேன்" என்றாய். பஸ் ஸ்டாப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், எழுந்திருக்கவேயில்லை.

காரியம் முடிந்த மறுநாள், நல்ல வெயில் நேரத்தில், ஆஸ்திரேலியாக்காரனுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். ஷெட்டில் யாரும் இல்லை. உன் துண்டு மேசைமேல் கிடந்தது. ஏனோ வலக்கையை அதற்குள் விட்டு, சுண்டுவிரலை மடக்கி, "இதத்தான் எழுதப்போறேன் மாப்ள" என்றேன்.

சுண்டுவிரல் நிமிர்ந்தது. நான் நிமிர்த்தவில்லை. ஐந்தையும் சேர்த்து ஒரு பிடி. உள்ளங்கைக் காய்ப்பு உன்னுடையதுதான். ஆனால் கிணற்றுத் தண்ணீர்போலக் குளிர்ந்திருந்தது. இடக்கையால் ஐந்நூறு என்று கிறுக்கினேன். எழுதி முடித்த பிறகுதான் பிடி தளர்ந்தது.

அவன் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டான். நூறில் இருபது வழியில் உடைந்தன, நீ சொன்ன கணக்குப்படியே. மிச்சத்துக்கு வந்த பணத்தில் ஷெட் தப்பித்தது. வளையல்களை மீட்டுத் தங்கச்சி கையில் கொடுத்தேன். துண்டு விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. நான் கையை உருவியதையும்தான்.

ஷெட்டை விற்றுப் பல வருடமாயிற்று. விலை வைக்க என்னிடம் இப்போது எதுவும் இல்லை. ஆனாலும் மருமகள் அந்தப் பக்கம் போனதும் துண்டை மடியில் விரித்துக் கையை விட்டேன். சுண்டுவிரலை மடக்கித்தான் வைத்திருந்தேன். மெல்ல நிமிர்ந்துவிட்டது மாப்ள. எதற்கு விலை சொல்கிறாய் என்று தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. வலக்கை துண்டுக்குள்ளேயே இருக்க, இந்த மடல் முழுவதையும் இடக்கையால்தான் எழுதியிருக்கிறேன். வலக்கையை இந்த முறை நான் உருவப்போவதில்லை.